ஊருக்குத் தெரியாமல் முடி நடுவது எப்படி?

முடிவெடுத்துவிட்டீர்கள், வாழ்த்துகள். நெற்றி உச்சந்தலையைத் தொட்டுவிட்டது. வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு கிளம்பிவிட்டது. புரோக்கரிடம் கொடுத்திருக்கும் போட்டோவோ கல்லூரி இரண்டாம் வருடத்தில் எடுத்தது. இனியும் தள்ளிப்போட முடியாது.

தலையில் முடி நடுவது இன்று பெரிய காரியமே இல்லை. ஆனால் நீங்கள் இருப்பது தர்மபுரி மாவட்டம். அரூரில் பெரியம்மா, பாலக்கோட்டில் சித்தப்பா, பென்னாகரத்தில் அக்கா வீட்டுக்காரர். எந்த டவுன் பஸ்ஸில் ஏறினாலும் ஒரு சொந்தக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். இங்கே ஒருவருக்கும் தெரியாமல் நடுவதற்குத்தான் பயிற்சி வேண்டும். கீழே உள்ளவற்றில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்திருப்பீர்கள். மீதியையும் அதே உற்சாகத்தோடு செய்யுங்கள்.

1. முதல் ஐந்து வருடத்தைத் தண்ணீர்மேல் பழி போட்டுக் கழியுங்கள்.

நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மை. பல்லில் பழுப்புக் கறையைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தோம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013இல் காவிரியை வீட்டுக் குழாய்க்குக் கொண்டுவந்தார்கள். ஃபுளோரைடு பிடிப்பது பல்லையும் எலும்பையும். தலைமுடி கொட்டுவதற்குக் காரணம் ஹார்மோனும் பரம்பரையும். இதையெல்லாம் காதில் வாங்காதீர்கள். "போர் தண்ணிங்க, அதான் கொட்டுது" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். அதே போர் தண்ணீரில் குளிக்கும் அக்காவுக்குப் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்குவதைப் பார்க்காதீர்கள். கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் தாத்தா படத்தையும் பார்க்காதீர்கள். அவர் தலை மின்னுவது ஃபிரேம் கண்ணாடியால்தான்.

கூடவே எண்ணெய்கள். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, சின்ன வெங்காயச் சாறு என்று எதையும் விடாதீர்கள். நெல்லிக்காய் எண்ணெயும் தேயுங்கள். வேலை செய்யவில்லை என்றால் அதியமான்மேல் வருத்தப்படுங்கள். அந்தக் காலத்துத் தர்மபுரியான தகடூருக்கு வாய்த்த ஒரே உருப்படியான நெல்லிக்கனியை அவர்தானே ஔவையாருக்குக் கொடுத்து அனுப்பினார்.

2. தோல் மருத்துவரைப் பார்க்காதீர்கள்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கினால் காசில்லாமல் பார்க்கலாம். அதுதான் சிக்கலே. தோல் நோய்ப் பிரிவு வரிசையில் உங்களைப் பார்த்த ஒருவர் ஊருக்குப் போய் வேறு ஏதாவது வியாதியைச் சொல்லிவிடுவார். முடிப் பிரச்சினை என்று விளக்கவும் முடியாது, ரகசியம்.

பார்த்திருந்தால் இரண்டு மருந்துகளைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். ஒன்று மினாக்ஸிடில், ரத்த அழுத்தத்துக்காக வந்து முடிக்கு மாறிய மருந்து. இன்னொன்று ஃபினாஸ்டெரைடு. அது புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்தது. 1997இல் குறைந்த அளவில் ஆண் வழுக்கைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இருக்கிற முடியைப் பிடித்து வைப்பதில் இரண்டுக்கும் பங்கு உண்டு, சீக்கிரம் ஆரம்பித்தால். நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். இல்லையென்றால் மருத்துவர் யாரும் இல்லாமல், நண்பனின் நண்பன் சொன்ன அளவில், பக்கத்து ஊர் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மூன்று வாரம் சாப்பிட்டுவிட்டு "ஒண்ணும் ஆகல" என்று நிறுத்துங்கள். மூன்று வாரத்தில் அந்த மருந்துகள் எதையும் காட்டாது. மாதக்கணக்கு வேண்டும்.

3. கிளினிக்கை இரவு இரண்டு மணிக்குப் போனில் தேர்ந்தெடுங்கள்.

போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாருங்கள். இடது பக்கம் பாலைவனம், வலது பக்கம் காடு என்று இரண்டு படம் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே ஆளின் தலைதானா என்று பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். காலையில் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு கிராஃப்ட் எவ்ளோ?" ஒரு கிராஃப்டில் ஒன்றிலிருந்து நான்கு முடி வரை இருக்கும். அவர்கள் கிராஃப்டை எண்ணுகிறார்களா, முடியை எண்ணுகிறார்களா என்று கேட்டால் நீங்கள் விஷயம் தெரிந்தவர் ஆகிவிடுவீர்கள். தெரிந்தவருக்குத் தள்ளுபடி கிடையாது.

யார் துளை போடுவார், யார் நடுவார், அவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்கவே கேட்காதீர்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான பயிற்சி பெற்ற, பதிவு செய்த மருத்துவர்தான் இதைச் செய்யலாம். பயிலரங்கில் பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் பயிற்சி ஆகாது என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஓர் அரசு அமைப்பு யூடியூபின் பெயரைச் சொல்லி எழுத வேண்டிய நிலைமை ஏன் வந்தது என்று யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

2016இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர் இறந்துபோனார். அந்த இடத்துக்கு சலூன் நடத்தத்தான் உரிமம் இருந்தது என்று பிறகு செய்தி வந்தது. 2019இல் மும்பையில் ஒரே அமர்வில் 9,500 கிராஃப்ட் நட்டுக்கொண்டதாகச் சொல்லப்பட்ட தொழிலதிபர் ஒருவர் இரண்டே நாளில் இறந்தார். கான்பூரில் இரண்டு பொறியாளர்கள் இறந்த விவகாரத்தில் 2025இல் வழக்கில் சிக்கியவர் ஒரு பல் மருத்துவர். இதற்கெல்லாம் பயப்படாதீர்கள். உங்கள் கிளினிக்கில் ஏசி இருக்கிறது. ரிசப்ஷனில் மீன் தொட்டியும் இருக்கிறது.

4. நெற்றிக்கோட்டைப் பதினாறு வயதுக்கு இழுங்கள்.

பின்னந்தலை முடி மட்டும் பெரும்பாலும் கடைசி வரை கொட்டுவதில்லை. அங்கிருந்து எடுத்து முன்னால் நட்டாலும் அது தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை. நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1950களில் செய்து காட்டியது இதைத்தான். மொத்தத் தொழிலும் இந்த ஒரு விஷயத்தின்மேல்தான் நிற்கிறது. ஆனால் அந்தப் பின்னந்தலை இருப்பு அளவானது. எடுத்த துளையில் மறுபடி முளைக்காது. நாற்பது வயதில் இன்னும் கொஞ்சம் கொட்டும்போது தேவைப்படுமே என்று நல்ல மருத்துவர் மிச்சம் வைப்பார். அப்படிப்பட்டவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். போனில் ஒரு நடிகரின் படத்தைக் காட்டி, "இந்தக் கோடு வேணும்" என்று சொன்னவுடன் பேனாவை எடுத்துப் புருவத்துக்கு மேல் மூன்று விரலில் கோடு போடுகிறாரே, அவரிடம் முன்பணம் கட்டுங்கள்.

5. தனியாகப் போங்கள். மாத்திரைகளைப் பற்றி மூச்சுவிடாதீர்கள்.

சேலம் ஒரு மணி நேரம்தான். ஆனால் அங்கே சொந்தக்காரர்கள் அதிகம். தொப்பூர் கணவாயில் வண்டிகள் தேங்கி நின்றால் பக்கத்து வண்டியில் தெரிந்த முகம் இருக்கும். ஆகவே பெங்களூரு. விடியற்காலைப் பேருந்து. வீட்டில் "இன்டர்வியூ" என்று சொல்லுங்கள். போனை அணைத்துவிடுங்கள். கிளினிக் படிவத்தில் அவசரத் தொடர்பு எண் கேட்கும் இடத்தில் உங்கள் எண்ணையே எழுதுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது எடுக்கிறீர்களா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடியுங்கள். மணிக்கணக்கில் தலை முழுவதும் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த மருந்துக்கு உடல் எடையைப் பொறுத்த உச்ச அளவு உண்டு. வேறு மாத்திரைகளோடு சேர்ந்தால் இதயம் தடுமாறலாம். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால் தேதி தள்ளிப்போகும். லீவு மூன்று நாள்தான்.

6. மொட்டைக்குக் கதை தயார் செய்யுங்கள்.

இதுதான் முக்கியமான படி. நிதானமாகப் படியுங்கள்.

நடுவதற்கு முன் தலையை மழிப்பார்கள். திரும்பி வரும்போது நீங்கள் மொட்டை. உலகில் வேறெந்த ஊரிலும் இது பெரிய தலைவலி, நமக்கு வரப்பிரசாதம். மொட்டையடித்த ஆளை ஒருவரும் ஏனென்று சந்தேகப்படாத நாடு இது. "பழனிக்குப் போனேன்" என்றால் முடிந்தது. அறநிலையத்துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணமே கிடையாது. உங்கள் மொட்டை மட்டும் லட்ச ரூபாயை ஒட்டி வருகிறது. அதை வெளியே சொல்லாதீர்கள்.

பெங்களூரில் பழனி பஞ்சாமிர்தம் கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். டப்பா இல்லாமல் வீட்டுப் படியேறினால் அம்மா முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடுவார். மீசையையும் எடுத்துவிடுங்கள், நம்பகமாக இருக்கும். பிறகு வரும் கேள்விகளுக்கு இப்படிப் பதில் சொல்லிப் பழகுங்கள்:

"இன்டர்வியூன்னுதானேடா போன?"

"முடிஞ்சதும் அப்படியே பழனி."

"யாருக்கு வேண்டுதல்?"

"எனக்குத்தாம்மா."

"என்னன்னு வேண்டிக்கிட்ட?"

"முடி கொட்டக் கூடாதுன்னு."

இந்த இடத்தில் அம்மா உங்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். நீங்கள் பஞ்சாமிர்தத்தைத் திறந்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, மொட்டை என்றால் சந்தனம். பாட்டி ஒரு கிண்ணத்தில் குழைத்து எடுத்து வருவார். புதிதாக நட்ட ஆயிரக்கணக்கான கிராஃப்டுகள் இன்னும் பிடிமானம் இல்லாமல் இருக்கும் தலையில் உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பதற்காக. கிட்டத்தில் பார்த்தால் பாட்டிக்கே தெரிந்துவிடும், பாலக்கோட்டுத் தக்காளி நர்சரியின் குழித்தட்டு மாதிரி வரிசையாகப் புள்ளிகள். "என்னடா சாமி இது, அம்மையா?" என்பார். ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வாசலில் வேப்பிலை செருகி, உங்களை வேப்பிலையில் படுக்கவைத்து, தலைக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, கூழ் ஊற்றி முடிக்கும்வரை விடமாட்டார்கள். "கத்தி பட்டுடுச்சு பாட்டி" என்று சொல்லுங்கள். பழனியில் வேலை செய்யும் முகம் தெரியாத ஒருவர்மேல் பழி போவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

தெருவில் இன்னொரு வகை. மொட்டையும் மீசையில்லாத முகமுமாக நீங்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, நான்கு பேர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்து, "அப்பா நல்லாத்தானேப்பா இருந்தாரு, எப்ப?" என்பார்கள். அவசரத்தில் நீங்கள் தலையை ஆட்டிவிடுவீர்கள். பரவாயில்லை. சாயங்காலம் மாலை வாங்கிக்கொண்டு வருகிறவர்களை வாசலில் அப்பாவே வரவேற்கட்டும்.

இந்தப் படியின் உச்சம் பெரியம்மாவிடமிருந்து வரும். "குலதெய்வத்துக்குக் குடுக்காத முடிய மொதல்ல பழனிக்குக் குடுத்தியா?" குற்றம் பெரியது. பரிகாரம் உடனே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் சொல்லியாகிவிட்டது, கிடா வாங்கியாகிவிட்டது. கோயிலில் உங்களுக்கு மறுபடி மொட்டை, இம்முறை நிஜச் சவரக்கத்தியால், மாமா பிடித்துக்கொள்ள. நட்டு எட்டாவது நாள். தப்பிக்க ஒரே வழி, உண்மையைச் சொல்வது. அதனால் வழியே இல்லை.

7. தூங்காதீர்கள்.

முதல் சில இரவுகள் தலையை உயர்த்தி வைத்து, சாய்ந்தபடி மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். மொட்டை மாடியில் பாய் போட்டு அண்ணன் தம்பி நாலு பேரோடு படுக்கும் வீட்டில், இரண்டு தலையணையில் சாய்ந்து கண் திறந்து கிடக்கும் ஆளுக்குக் காதல் தோல்வி என்று முடிவாகிவிடும். பொண்ணு யார் என்று விசாரிப்பார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிடுங்கள், கவனம் திசைமாறும்.

மூன்றாம் நாள் நெற்றி வீங்கும். அந்த நீர் மெல்ல இறங்கிக் கண்ணிமைக்கு வரும். பயப்பட ஒன்றுமில்லை, தானாக வடியும். காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்து வரும் உங்களைப் பார்த்து அம்மா அந்தப் பெண்ணைத் திட்டட்டும்.

8. ஹெல்மெட் விஷயத்தில் உறுதியாக இருங்கள்.

தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம். நட்ட புதிதில் ஹெல்மெட் போட்டால் அதன் உள்பஞ்சில் கிராஃப்ட் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொன்றும் என்ன விலை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பேருந்தில் போகலாம் என்று தோன்றும். போனால் மேல்கம்பியில் இடிப்பீர்கள். ஆகவே, வண்டியை எடுத்துக்கொண்டு, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, மொட்டைத் தலையில் வெயில் சுள்ளென்று விழ நான்கு ரோடு வழியாகவே போங்கள். போலீஸ்காரர் கேட்டால், "புண்ணு சார்" என்று காட்டுங்கள். ரகசியம் முதலில் காவல்துறைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

9. நண்பர்கள் ஒகேனக்கல் கூப்பிட்டால் மறுக்காதீர்கள்.

மறுத்தால் சந்தேகம் வரும். பாறைமேல் எண்ணெய்க் கிண்ணத்தோடு மசாஜ் செய்கிறவர்கள் மொட்டைத் தலையைக் கண்டால் அவ்வளவு ஆசையாக வருவார்கள். அவர்கள் கை எவ்வளவு உறுதியானது என்பது அங்கே ஒருமுறை குப்புறப் படுத்த எவருக்கும் தெரியும். உச்சந்தலையில் இரண்டு தட்டு, நான்கு தேய்ப்பு, பிறகு அருவிக்கு அடியில் தலையைக் கொடுக்க வேண்டும். மருத்துவர் ஒரு மாதத்துக்கு நீச்சலே வேண்டாம் என்றிருப்பார். அருவி என்று அவர் குறிப்பாகச் சொல்லவில்லையே.

ஆடிப் பெருக்கை ஒட்டி நட்டுக்கொண்டவர்களுக்கு இந்தப் படி கட்டாயம். தீபாவளிக்கு முன் நட்டுக்கொண்டவர்களுக்கு வீட்டிலேயே பாட்டி இருக்கிறார், நல்லெண்ணெயும் சீயக்காயும் இருக்கின்றன.

10. மூன்றாம் வாரத்தில் பைத்தியம் பிடித்தாற்போல் கத்துங்கள்.

ஏனென்றால் நட்ட முடி கொட்டும். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் எல்லாமே உதிரும். வேர் உள்ளேதான் இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் பூனைமுடியாக எட்டிப் பார்த்து, அடர்த்தியாக ஒரு வருடம் ஆகும். இதை அவர்கள் கையில் கொடுத்த தாளில் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். அந்தத் தாளை அம்மா பார்த்துவிடக் கூடாதென்று பெங்களூரு பஸ் ஸ்டாண்டு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தீர்கள்.

இப்போது உங்களிடம் பழைய முடியும் இல்லை, புதிய முடியும் இல்லை, சேமிப்பும் இல்லை. பெண் பார்க்க நாள் குறித்தது இந்த வாரம்தான். பெண் வீட்டார் போட்டோவையும் உங்களையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். "பழனி" என்று சொல்லுங்கள். "எப்பங்க?" என்பார்கள். "போன மாசம்." போன மாதம் எடுத்த மொட்டையில் பக்கவாட்டில் வளர்ந்தது நடுவில் மட்டும் ஏன் வளரவில்லை என்று கேட்பதற்கு அந்தப் பெண்ணுக்கு வாய் வரும். காபியை மெதுவாகக் குடியுங்கள்.

11. முடிவெட்டும் அண்ணனிடம் மட்டும் எதுவும் சொல்லாதீர்கள்.

சொல்லத் தேவையில்லை. சீப்பு பின்னந்தலைக்கு வந்தவுடன் அவர் கை ஒரு நொடி நிற்கும். பொட்டுப் பொட்டாக வெள்ளைத் தழும்புகள். "பெங்களூரா, சேலமா தம்பி?" என்று காதோரம் கேட்டுவிட்டு, பின்னால் கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டுவார். உங்கள் தெருவில் மட்டும் இதுவரை எத்தனை பேர் "பழனிக்கு" போய்வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த நாற்காலியில் ஷேவ் செய்துகொள்ளும் உங்கள் சித்தப்பா உட்பட. மாவட்டத்தில் ரகசியம் காக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர். ஆனால் அவரிடம் கேட்டு நல்ல மருத்துவர் பெயரை முதலிலேயே வாங்கியிருக்கலாமே என்று இப்போது நினைத்துப் பயனில்லை.

12. முடி வந்தபின் எண்ணெய் வியாபாரத்தில் இறங்குங்கள்.

வருடம் திரும்பும்போது உண்மையிலேயே நன்றாக வந்திருக்கும். அம்மை, கிடா, அருவி, பாட்டி எல்லாவற்றையும் தாண்டிப் பிழைத்தவை நெற்றியில் நிற்கும். ஊரே கேட்கும். "எண்ணெய் மாத்தினேன்" என்று சொல்லிவிடுவீர்கள். வேறு என்ன சொல்வது? மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் மூன்று பெரியப்பாக்கள் நிற்பார்கள், கையில் ஆளுக்கொரு காலி பாட்டில்.

தேங்காயெண்ணெயில் கையில் கிடைத்த இலையைப் போட்டுக் காய்ச்சுங்கள். பச்சை நிறம் வந்தால் போதும். சொந்தத்துக்கு ஒரு விலை, அசலூருக்கு ஒரு விலை. பெண் வீட்டிலிருந்தும் ஆர்டர் வரும், மாமனாராகப் போகிறவருக்கு. அவருக்குக் காசு வாங்காதீர்கள். மருந்து மாத்திரை எதுவும் எடுக்காததால், நட்ட முடிக்குப் பின்னால் இருக்கும் உங்கள் சொந்த முடி தொடர்ந்து உதிர்ந்துகொண்டிருக்கும். முன்னால் ஒரு வரிசையும் நடுவில் வெட்டவெளியுமாக ஆவதற்குள் பாட்டில்களை விற்றுத் தீர்த்துவிடுங்கள். அடுத்த நடவுக்கான முன்பணம் அதில் தேறிவிடும். பின்னந்தலையில் இருப்பு இருந்தால்.